பூட்டு யாருக்கு? சாவி யார் கையில்?

(கும்மிடிப்பூண்டியில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு கிடைக்கின்ற நீங்கள், அந்த ஓய்வையும் விட்டுவிட்டு இவ்வளவு பேர் இங்கு கூடியிருப்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகவும், கொஞ்சம் பயமாகவும் இருக்கின்றது. இரவு ஷிப்டு முடிந்து தூங்காமல் நேரே வந்திருக்கின்ற தோழர்களையும் முன் வரிசையில் காண்கின்றேன். தலைவர் அவர்கள் என்னைக் கம்ப்யூட்டர் நிபுணர் என்று சொன்னார்கள். அது அவர்களுடைய அன்பைக் காட்டுமே ஒழிய உண்மையைக் காட்டாது. எனக்கு அந்த வித்தையில் பட்டம் ஒன்றும் கிடையாது. சில வருஷங்களாகச் சாயங்கால வேளைகளில் தொழிலாளர்களுக்கு பி.எப். மனு, பாங்கிக் கடிதம், போலீஸ் புகார் ஆகியவைகளை எழுதிக் கொடுத்து வருகின்றேன். அந்தக் காரியத்தில் நான் கண்டதையும், அதன் நிமித்தம் படித்துத் தெரிந்து கொண்டதையும்தான் இங்கு சொல்லப் போகின்றேன். நான் சொல்லுகின்றேன் என்பதற்காக நீங்கள் எதையும் நம்ப வேண்டியதில்லை. உங்கள் சொந்த அனுபவத்தோடு ஒத்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம்.

நான் இன்று பேச எடுத்துக் கொண்ட விஷயம் பூட்டைப் பற்றியது. இரும்புப் பூட்டல்ல. நம்முடைய கூலிப் பணத்துக்கும் பி.எப். பணத்துக்கும் போனிலும் கம்ப்யூட்டரிலும் போட்டிருக்கின்ற பூட்டு. பாஸ்வேர்டு என்றும், பின் நம்பர் என்றும், ஓ.டி.பி. என்றும், கைரேகை என்றும் அதற்குப் பல பெயர்கள். இந்தப் பூட்டைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவியிருக்கின்றது. அதாவது, பூட்டு எவ்வளவு கஷ்டமாயிருக்கின்றதோ அவ்வளவு பத்திரம் என்பதும், சுலபமாயிருந்தால் திருடன் வந்துவிடுவான் என்பதும், ஆகையால் பத்திரம் வேண்டுமானால் ஜனங்கள் கஷ்டப்பட்டுத்தான் தீர வேண்டும் என்பதுமாகும். இந்த நம்பிக்கை தப்பு என்பதுதான் என்னுடைய அபிப்பிராயம். உடையவனால் திறக்க முடியாத பூட்டு, பூட்டே அல்ல. அது அவன் சாவியைப் பிறத்தியான் கையில் கொடுக்கும்படி அவனை நிர்ப்பந்திக்கின்ற ஒரு ஏற்பாடு. இதைக் கொஞ்சம் விளக்குகின்றேன்.

ஒரு நோட்டுப் புஸ்தகம்

சில மாதங்களுக்கு முன் கவரப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தோழர் என்னிடம் வந்தார். இங்கே ஒரு ரோலிங் மில்லில் ஒன்பது வருஷம் காண்டிராக்டில் வேலை செய்தவர். வேலை நின்று போயிற்று. மகளுக்குக் காலேஜில் பணம் கட்ட வேண்டும். பி.எப்.பில் அவர் பணம் இருக்கின்றது. யூ.ஏ.என். நம்பரும் கையில் இருக்கின்றது. பாஸ்வேர்டு மட்டும் தெரியவில்லை. “நீங்கள் வைத்த பாஸ்வேர்டு உங்களுக்கே தெரியாதா?” என்று கேட்டேன். “நான் எங்கேங்க வச்சேன்? கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் வச்சார்” என்றார். சரி, மாற்றி விடலாம் என்று பார்த்தால், ஆதாரில் பதிந்துள்ள போனுக்கு ஓ.டி.பி. போகும் என்கின்றது. அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டு வெகு நாளாகிவிட்டது. இப்பொழுது அது வேறு யாரிடமோ இருக்கின்றது.

இருவருமாய் அந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீளமான நோட்டுப் புஸ்தகத்தை எடுத்தார். பெயர், யூ.ஏ.என்., ஆதார் நம்பர், போன் நம்பர், பாஸ்வேர்டு என்று ஐந்து கலம். பக்கம் பக்கமாய் நம் தோழர்களுடைய பெயர்கள். தமிழர், ஒடியாக்காரர், பீகார்க்காரர் எல்லோரும் அதில் இருக்கின்றார்கள். ஜாதி மத பேதமில்லாமல் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி பாஸ்வேர்டு! பெயரின் முதல் எழுத்தைப் பெரியதாய்ப் போட்டு, நடுவில் ஒரு சுழி போட்டு, கடைசியில் ஒன்று இரண்டு மூன்று.

அந்தக் கடைக்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் யோக்கியர். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் சிரமப்பட்டுக் காரியம் முடித்துக் கொடுக்கின்றவர். அவர் இல்லாவிட்டால் அநேகருக்குப் பணமே வந்திருக்காது. ஆனால் தோழர்களே, அந்த நோட்டு ஒரு நாள் களவு போனால் என்ன ஆகும்? அதை யாராவது போனில் போட்டோ எடுத்துக் கொண்டால் என்ன ஆகும்? பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும் என்று சட்டம் போட்டவர், தாம் பலமான பூட்டைச் செய்துவிட்டதாக எண்ணித் திருப்தியாய் உட்கார்ந்திருப்பார். அவர் செய்த பூட்டின் சாவிகளெல்லாம் ஒரு மேஜைக்கு அடியில் கிடக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது.

எழுத்தில்லாத எழுத்து

பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்தாவது இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கின்றார்கள். நம்முடைய தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்கின்ற பேதமே கிடையாது. தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், இருபது வருஷம் மெஷின் ஓட்டிய கெட்டிக்காரராயிருக்கலாம். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தை அளந்து சொல்லக் கூடியவராயிருக்கலாம். அவரைப் பார்த்து, “உன் பாஷையில் இல்லாத ஒன்றை எழுதினால்தான் உன் பணத்தைத் தொட முடியும்” என்று சொன்னால், அவர் அடுத்தவன் காலில் விழாமல் வேறென்ன செய்வார்? வருகின்ற எச்சரிக்கைச் செய்தியாவது அவர் பாஷையில் வருகின்றதா என்றால், அநேகமாய் அதுவும் இங்கிலீஷில்தான். “யாரிடமும் சொல்லாதே” என்கின்ற எச்சரிக்கையையே இன்னொருவரிடம் காட்டித்தான் அர்த்தம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது. இதைவிடப் பெரிய வேடிக்கை உண்டா?

பாஸ்வேர்டு வேண்டாம், கைரேகை வைத்தால் போதும் என்பார்கள் சிலர். அது பலருக்குச் சுலபம்தான். ரேஷன் கடையிலும் நாம் பார்க்கின்றோம். ஆனால் வார்ப்படப் பட்டறையில் மணலோடும் சூட்டோடும் தேய்ந்துபோன விரலை மெஷின் பல தடவை தள்ளிவிடுகின்றது. உழைத்த விரலுக்குக் கிடைக்கின்ற மரியாதை அது! மேலும், பாஸ்வேர்டு களவு போனால் மாற்றிக் கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. ஆகவே எந்த ஒரு வழியையும், “இதுதான் எல்லோருக்கும் ஒரே வழி” என்று வைப்பது அறிவுடைமை ஆகாது.

விதி எழுதியவரே வருந்தினார்

இந்தக் கோணல் விதிகளெல்லாம் எங்கிருந்து வந்தன? ஏதோ ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த உண்மைகள் என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கின்றோம். அமெரிக்க சர்க்காரின் அளவை நிலையத்தில் பில் பர் என்பவர் 2003-ம் வருஷ வாக்கில் ஒரு வழிகாட்டி எழுதினார். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்கின்ற வழக்கம் உலகமெங்கும் பரவியதற்கு அது ஒரு முக்கிய காரணம். 2017-ம் வருஷத்தில் அவரே, தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். அதே வருஷம் அந்த நிலையம் தன் விதியைத் திருத்தி, எழுத்துக் கலப்பைக் கட்டாயப்படுத்த வேண்டாம், திருட்டுப் போன அடையாளம் இல்லாமல் மாதா மாதம் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிற்று. 2025-ல் வந்த திருத்தத்தில் ‘வேண்டாம்’ என்பதையும் தாண்டி, ‘கூடாது’ என்றே கண்டித்துச் சொல்லிவிட்டது.

காரணம் என்ன? மாதா மாதம் மாற்றச் சொன்னால், மனிதன் ஒன்று இரண்டு மூன்று என்பதை ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று ஆக்குகின்றான். திருடனுக்கும் அது தெரியும். பாஸ்வேர்டு நீளமாய் இருக்க வேண்டும் என்பது வாஸ்தவம். ஏனென்றால், சர்வரிலிருந்து மொத்தமாய்க் களவு போகுமானால் குட்டையான பாஸ்வேர்டு சீக்கிரம் உடைந்து போகும். ஆனால் நீளம் வேறு, கோணல் வேறு. சம்பந்தமில்லாத நாலு சாதாரண வார்த்தைகளைச் சேர்த்து வைத்தால் நீளமும் ஆயிற்று, ஞாபகமும் ஆயிற்று. எழுதியவரே கைவிட்ட விதியை இன்னும் இங்கே பல இடங்களில் பிடித்துக் கொண்டிருக்கின்றார்கள். ஏன் என்று கேட்டால், “எப்போதும் அப்படித்தான்” என்கின்றார்கள். இந்தப் பதிலை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கின்றோம்.

பாங்கிக் கார்டின் பின் நம்பரைப் பாருங்கள். நாலே எண். ஆக மொத்தம் பத்தாயிரம் விதம்தான் உண்டு. அப்படியிருந்தும் அது ஏன் வேலை செய்கின்றது? சில தடவை தப்பாய் அழுத்தினால் மெஷின் கார்டை நிறுத்திவிடுகின்றது. மேலும் எண் மட்டும் போதாது, கார்டும் கையில் வேண்டும். அதாவது, கஷ்டத்தை மெஷின் தன் தலையில் ஏற்றுக் கொண்டு, மனிதனுக்கு நாலு எண்ணை மட்டும் விட்டு வைத்திருக்கின்றது. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுவல்லவா?

இது புதிய ஞானமும் அல்ல. ஆகஸ்த் கெர்க்காஃப்ஸ் என்ற மொழி ஆசிரியர் 1883-ம் வருஷத்தில் ராணுவத்தின் இரகசிய எழுத்தைப் பற்றி எழுதியபோது, ஆறு நிபந்தனைகளைச் சொன்னார். அதில் கடைசி நிபந்தனை, அந்த முறை உபயோகிக்கச் சுலபமாய் இருக்க வேண்டும், மூளையை வருத்தக் கூடாது, நீண்ட விதிகளை மனப்பாடம் செய்ய வைக்கக் கூடாது என்பதாகும். யுத்த களத்துச் சிப்பாய்க்கே அப்படியென்றால், எட்டு மணி நேரம் உலைக்கு முன் நின்று வருகின்றவனுக்கு எப்படி இருக்க வேண்டும்?

1999-ல் அமெரிக்காவில் ஆல்மா விட்டன், டைகர் என்ற இருவர் ஒரு பரீட்சை செய்தார்கள். கடிதத்தை இரகசியமாய் அனுப்புகின்ற ஒரு பேர்போன கம்ப்யூட்டர் சாதனத்தைப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் அவகாசமும் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பேரால்தான் சரியாய்ச் செய்ய முடிந்தது. மூன்று பேர் இரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள்! சாதனம் பலமானதுதான், மனிதனுக்குத்தான் எட்டவில்லை. 2016-ல் வாட்ஸ்அப்பில் அதே காரியத்தை நூறு கோடி பேருக்குச் செய்து கொடுத்தார்கள். அனுப்புகின்றவருக்கும் பெறுகின்றவருக்கும் தவிர நடுவில் யாருக்கும் புரியாதபடி செய்தி பூட்டப்பட்டுப் போகின்றது. அதற்காக நீங்கள் ஒரு பொத்தானையாவது அழுத்தினீர்களா? இல்லை. ஆகவே பத்திரமும் சௌகரியமும் ஜன்மப் பகையல்ல.

பிரஸ் மெஷினும் பாஸ்வேர்டும்

உங்களுக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்லுகின்றேன். பவர் பிரஸ்ஸில் வேலை செய்கின்ற தோழர்கள் இங்கே இருக்கின்றீர்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு வைக்கின்றார்கள். அதைத் திறந்து மூடி வேலை செய்தால் மணிக்கு இத்தனை பீஸ் என்கின்ற கணக்கு வராது. கணக்கு வராவிட்டால் சூப்பர்வைசர் திட்டுகின்றார். ஆகவே தடுப்பைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவிடுகின்றோம். விரல் போனால், “தடுப்பை ஏன் கட்டினாய்?” என்று நம்மையே கேட்கின்றார்கள்.

இதற்கு அறிவுள்ள என்ஜினீயர் என்ன செய்தான்? இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான் வைத்தான். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருக்கும்போது டையில் எப்படி மாட்டும்? இங்கே தொழிலாளி எதையும் ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டியதில்லை. வேலை செய்கின்ற வழியே பத்திரமான வழியாகிவிட்டது. 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டமும் தன் 21-வது பிரிவில், “தொழிலாளியே, ஜாக்கிரதையாய் இரு” என்று உபதேசம் செய்யவில்லை. ஆபத்தான பாகத்தை மூடித் தடுத்து வைக்க வேண்டும் என்றுதான் விதித்தது. பணத்தின் மெஷினுக்கும் இதே நியாயம்தான் வேண்டுமென்கின்றேன்.

கதவை அடைத்த விதம்

இந்த நியாயம் நடக்கக் கூடியதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கின்றது. யூ.பி.ஐ. 2016-ல் வந்தது. அதில் பணம் அனுப்புவதற்கு மாத்திரமல்லாமல், “எனக்கு இவ்வளவு பணம் கொடு” என்று ஒருவர் மற்றொருவருக்குக் கோரிக்கை அனுப்புவதற்கும் ஒரு வழி இருந்தது. மோசக்காரர்கள் அதைப் பிடித்துக் கொண்டார்கள். நாம் பழைய கட்டிலை விற்க விளம்பரம் போட்டால், வாங்குகின்றவன் போல் பேசி, “பணம் அனுப்பியிருக்கிறேன், பின் நம்பர் போட்டு எடுத்துக்கொள்” என்பான். போட்டால் பணம் வராது, போகும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை என்று வருஷக் கணக்காய் எச்சரிக்கை செய்தார்கள். ஆனாலும் ஜனங்கள் மோசம் போய்க்கொண்டேயிருந்தார்கள். ஜனங்களுக்குப் புத்தியில்லை என்றும் பேசினார்கள். கடைசியில் 2025 அக்டோபர் 1 முதல், தனி மனிதருக்குள் அனுப்பும் அந்தக் கோரிக்கை வழியையே அடைத்துவிட்டார்கள். அதனால் உங்களில் யாருக்காவது நஷ்டம் உண்டா? அப்படி ஒரு வழி இருந்ததே அநேகருக்குத் தெரியாது. வருஷக் கணக்கான உபதேசம் செய்யாத காரியத்தை ஒரு கதவடைப்பு செய்துவிட்டது.

பி.எப். விஷயத்திலும் ஒரு உதாரணம் உண்டு. பணம் கேட்டு மனுப் போடும்போது செக் லீப் அல்லது பாஸ்புக் படத்தை ஏற்ற வேண்டும் என்கின்ற நிபந்தனை இருந்தது. படம் தெளிவில்லை, பெயர் தெரியவில்லை என்று எத்தனை மனுக்கள் திரும்பி வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கு உங்களுடையதுதானா என்பதைப் பாங்கியோடு முன்னமேயே சரி பார்த்திருக்கும்போது, படம் எதற்கு? 2025 ஏப்ரலில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். கஷ்டம் போயிற்று; பத்திரம் குறையவில்லை. ஆகவே கஷ்டமெல்லாம் பத்திரம் அல்ல என்பது ருஜுவாகின்றதா, இல்லையா?

நஷ்டம் யார் தலையில்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகின்றேன். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள், தையல் யூனிட்டில் வேலை செய்கின்றவர். மின்சாரக் கட்டணம் பாக்கி, இன்றிரவு கரண்டை நிறுத்திவிடுவோம் என்று ஒரு செய்தி வந்தது. வீட்டில் கைக்குழந்தை. பதறிப் போய் அதிலிருந்த நம்பருக்குப் பேசினார். அவன் சொன்னபடி எதையோ இறக்கி, எதையோ அழுத்தி, வந்த ஓ.டி.பி.யையும் சொன்னார். பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. அந்த அம்மாள் இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் முட்டாள் என்பார்களே என்கின்ற வெட்கம். நாலு நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. பாங்கியில் போய்க் கேட்டதற்கு, “நீயே ஓ.டி.பி. சொன்னாய், நாங்கள் என்ன செய்வது?” என்று அனுப்பிவிட்டார்கள்.

ரிசர்வ் பாங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை என்ன சொல்லிற்று? பாங்கியின் குற்றத்தினால் பணம் போனால் ஜவாப்தாரி பாங்கி. பாங்கியும் வாடிக்கைக்காரரும் அல்லாத வேறிடத்துக் குறையினால் போய், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கைக்காரருக்கு நஷ்டமில்லை. அவர் இரகசியத்தை வெளியே சொன்ன அஜாக்கிரதையினால் போயிருந்தால், பாங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் போனதெல்லாம் அவர் தலையில். தெரிவித்த பிறகு போவது பாங்கியின் தலையில். வாடிக்கைக்காரர்மேல்தான் குற்றம் என்று ருஜுப்பிக்க வேண்டிய பாரமும் பாங்கியினுடையதே. இந்தக் கடைசி விஷயத்தை உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கின்றார்களா?

இந்த ‘அஜாக்கிரதை’ என்கின்ற வார்த்தையைத்தான் நாம் யோசிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முன் ஆலையில் கை போனாலும் முதலாளி இதையே சொன்னான்: உன் அஜாக்கிரதை. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் அந்தப் பேச்சை ஒப்புக் கொள்ளவில்லை. குடித்திருந்தான், வேண்டுமென்றே உத்தரவை மீறினான், வேண்டுமென்றே தடுப்பைக் கழற்றினான் என்பது போன்ற காரணங்களைத்தான் அது ஆட்சேபணையாக ஏற்றது. அதிலும் உயிரே போய்விட்டால் அந்த ஆட்சேபணையும் செல்லாது என்றது. களைப்பினாலும் பதற்றத்தினாலும் மனிதன் தவறுவது சகஜம், அதை எதிர்பார்த்து மெஷினைக் கட்ட வேண்டியது மெஷின்காரன் பொறுப்பு என்பதே அதன் தாத்பரியம். கைக்குக் கிடைத்த இந்த நியாயம் பைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 7 முதல் ஒரு ஏற்பாடு வந்தது. மோசக்காரனுடைய பேச்சை நம்பி ஒருவர் தாமே பணத்தை அனுப்பிவிட்டாலும், மிக மோசமான அலட்சியம் இருந்தாலொழிய, எண்பத்தையாயிரம் பவுன் வரையில் பாங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அனுப்பிய பாங்கி பாதி, மோசக்காரனுக்குக் கணக்குக் கொடுத்த பாங்கி பாதி. நஷ்டம் தன் தலையில் விழும் என்றால்தான் பாங்கிக்காரன் திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுப்பதில் ஜாக்கிரதையாயிருப்பான். நம்முடைய ரிசர்வ் பாங்கியும் 2025 செப்டம்பரில் புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கென்று குறித்த அவ்விதிகளின்படி, அவைகளை அனுசரிக்காமல் நடந்த வரவு செலவில் நஷ்டம் வந்தால், பாங்கி முழுவதும் ஈடு செய்ய வேண்டும். இது ஒரு நல்ல ஆரம்பம். ஆனால் பயமுறுத்தி ஏமாற்றப்பட்ட அந்தத் தையல்கார அம்மாளுக்கு இது போதாது.

சௌகரியம் என்றால் சோம்பேறித்தனமா?

இதற்கு ஒரு ஆட்சேபணை சொல்லுவார்கள். எல்லாவற்றையும் சுலபமாக்கிவிட்டால் திருடனுக்கும் சுலபமாகிவிடாதா என்பார்கள். நியாயமான கேள்விதான். கஷ்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கஷ்டம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்கின்றேன். டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்க நாலு எண் போதும். முன்பின் தெரியாத ஒரு கணக்குக்கு முதல் தடவையாய் இருபதாயிரம் ரூபாய் போகும்போது, மெஷின் சற்று நிற்கட்டும். “இன்னார் பெயருக்குப் போகின்றது, சரிதானா?” என்று நம் பாஷையில் கேட்கட்டும். சில மணி நேரம் பொறுத்து அனுப்பட்டும். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக் கொள்ள நாம் தயார். ஊருக்குப் பணம் அனுப்புகின்ற ஒடியாத் தோழர் முதல் தடவை ஒரு நாள் காத்திருக்க வேண்டுமானாலும் காத்திருப்பார். சொந்தப் பி.எப். பணத்துக்கு ஒன்பது தடவை அலைவதைத்தான் பொறுக்க முடியாது. உடையவனைத் தடுத்துத் திருடனை விடுகின்ற கஷ்டம் வேண்டாம். திருடனைத் தடுத்து உடையவனை விடுகின்ற கஷ்டம் வேண்டும். இவ்வளவுதான் வித்தியாசம்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, பணம் வாங்குவதற்கு எப்போதும் பின் நம்பர் தேவையில்லை. ஓ.டி.பி. என்பது உங்கள் கையெழுத்து. முகம் தெரியாதவன் நீட்டுகின்ற பத்திரத்தில் கையெழுத்துப் போடுவீர்களா?

இரண்டாவதாக, பாஸ்வேர்டை ஞாபகம் வைக்க முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். இதைப் பாவம் போலச் சொல்லுவார்கள். எங்கோ இருந்து போனில் பேசுகின்ற திருடனால் உங்கள் பெட்டியைப் படிக்க முடியாது. கடைக்காரர் நோட்டில் இருப்பதைவிட உங்கள் பெட்டியில் இருப்பது எவ்வளவோ மேல்.

மூன்றாவதாக, ஆதாரிலும் பாங்கியிலும் பதிந்த போன் நம்பரை விட்டுவிடாதீர்கள். விட நேர்ந்தால் முதலில் அங்கே மாற்றிவிட்டுப் பிறகு விடுங்கள்.

நாலாவதாக, மோசம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் வெட்கப்படாமல் 1930 என்ற நம்பருக்குப் பேசுங்கள். பாங்கிக்கும் உடனே தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக் கொள்ளுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் உண்டு. அந்த அம்மாள் வெட்கத்தினால் இழந்த நாலு நாளில்தான் பணம் கை மாறிப் போயிற்று. ஆகவே கணவன்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லுகின்றேன். வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். ஏமாந்தவரை முட்டாள் என்பது திருடனுக்குச் செய்கின்ற உதவி. களவு கொடுத்தவன் தலை குனிவதும், களவு செய்தவனும் கதவைத் திறந்து வைத்தவனும் நிமிர்ந்து நடப்பதும் என்ன நியாயம்?

இவை நாம் செய்யக் கூடியவை. ஆனால் இதோடு நின்றால், நானும் உபதேசக்காரனாகிவிடுவேன். நாம் கேட்க வேண்டியதும் உண்டு. எச்சரிக்கையும் படிவமும் தமிழிலும், நம்மோடு உழைக்கின்ற ஒடியா, இந்தித் தோழர்களின் பாஷைகளிலும் வர வேண்டும். கைரேகை விழாதவருக்கும், நம்பர் தொலைந்தவருக்கும் ஒரு நாள் கூலி போகாமல் வேறு வழி இருக்க வேண்டும். ஷிப்டு முடிகின்ற நேரத்தில், சிப்காட்டுக்குள்ளேயே, ஒரு மனிதர் உட்கார்ந்து உதவி செய்ய வேண்டும். ஒரு விதி கஷ்டம் கொடுத்தால், அது எந்தத் திருடனை எப்படித் தடுக்கின்றது என்று விதி போட்டவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அதை எடுத்துவிட வேண்டும். இவைகளைச் சங்கத்தின் கோரிக்கையில் கூலியோடும் போனஸோடும் சேர்த்து எழுதும்படி உங்களைக் கேட்டுக் கொள்ளுகின்றேன். ஏனென்றால், கையில் வந்து சேராத கூலி, கூலி ஆகாது.

கவரப்பேட்டைத் தோழர் இரண்டு நாள் கூலியை விட்டு அலைந்து, புது நம்பரைப் பதிந்து, கடைசியில் பணத்தை வாங்கினார். இப்பொழுது அவருடைய பாஸ்வேர்டு நாலு தமிழ் வார்த்தைகள். இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, அவர்கள் கேட்கின்ற பெரிய எழுத்தையும் எண்ணையும் குறியையும் கடைசியில் ஒட்டி வைத்தார். அது என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தக் கடைக்குப் போய், நோட்டில் தம் பெயருள்ள வரியை அடிக்கச் சொன்னார். கடைக்காரரும் சிரித்துக் கொண்டே அடித்தார். அந்த நோட்டின் மற்ற வரிகளும் அப்படியே ஒவ்வொன்றாய் அடிபட வேண்டும் என்பதுதான் என் ஆசை.